தொழிலுக்குச் சாட்சி யார்?

பங்குக் குருவானவரிடம் மக்கள் கேட்டு வருகின்ற காரியங்களுள் கடிதமும் ஒன்று. ஞானஸ்நான அத்தாட்சி, விவாக அத்தாட்சி என்பவற்றை நான் சொல்லவில்லை. அவை பதிவேட்டில் இருப்பவை. பார்த்து எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வைத்தால் வேலை முடிந்தது. நான் சொல்வது நற்சான்றுக் கடிதம். இன்னாரை எனக்கு இத்தனை வருடங்களாகத் தெரியும், நல்ல குடும்பத்தவர், நேர்மையானவர், அவருக்கு உதவினால் நன்றியுடையவனாவேன் என்று எழுதிக் கொடுக்கிறோமே, அந்தக் கடிதம். குருப்பட்டம் பெற்ற நாள் முதல் இப்படி எத்தனை கடிதங்கள் எழுதியிருப்பேன் என்பதற்கு என்னிடம் கணக்கில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு மேசன் என்னிடம் வந்தார். வயது ஐம்பதை நெருங்குகிறது. பதினாறு வயதிலே தம் மாமனோடு வேலைக்குப் போகத் தொடங்கியவர். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு ஊரை விட்டு வன்னிக்குப் போனார். யுத்தம் 2009இல் முடிந்த பின்னர் திரும்பி வந்து, வீட்டுத் திட்டங்கள் நடந்த காலத்தில் ஓய்வில்லாமல் வேலை செய்தார். எங்கள் பகுதியில் அவர் கை படாத ஒழுங்கை இல்லை என்று சொல்லலாம்.

வந்தவர் சொன்னார்: "சுவாமி, கொழும்பில ஒரு பெரிய கட்டட வேலைக்கு ஆள் எடுக்கினம். மேசனுக்கு ஒரு சம்பளம், கூலியாளுக்கு இன்னொரு சம்பளம். நான் மேசன் எண்டதுக்குக் கடதாசி இருக்கோ எண்டு கேக்கினம். என்னட்ட என்ன இருக்கு? நான் நல்ல மேசன் எண்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. சுவாமியார் எழுதினால் நம்புவினம்."

பேனாவை எடுத்தேன். நேர்மையானவர் என்று எழுதினேன். அது எனக்குத் தெரியும். குடிப்பழக்கம் இல்லாதவர் என்று எழுதினேன், அதுவும் தெரியும். 'சிறந்த மேசன்' என்று எழுதப்போன இடத்தில் கை நின்றுவிட்டது. எனக்கு எப்படித் தெரியும்? அவர் கட்டிய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறதா, அத்திவாரம் நிலத்துக்கு ஏற்ற ஆழத்தில் போடப்பட்டதா என்பதையெல்லாம் நான் எப்போதாவது பார்த்திருக்கிறேனா? பார்த்தாலும் எனக்கு விளங்குமா?

இத்தனை ஆண்டுகளும் இதே வகைக் கடிதங்களைச் சற்றும் தயங்காமல் எழுதி வந்திருக்கிறேன் என்ற நினைவு அப்போதுதான் என்னை உறுத்தியது. எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது என்று சிறுவர்களுக்குப் படிப்பிக்கிறோம். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்வது எந்த வகையில் சேரும்? அதே வேளை, முப்பது வருடம் உழைத்த ஒரு மனிதனுக்கு அவனுடைய தொழிலைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவருமே இல்லை என்று கைவிரிப்பது எந்த வகையில் நீதியாகும்? இந்த இரண்டு கேள்விகளையும் உங்களோடு சேர்ந்து சிந்திக்கவே இதை எழுதுகிறேன்.

இருவகைச் சாட்சி

குருமடத்தில் மெய்யியல் படித்த காலத்தில் புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிய ஒரு பகுதி எனக்கு வறண்டதாகவே தோன்றியது. மனிதரின் புத்திக்குரிய நற்பண்புகளை அவர் வரிசைப்படுத்தும் இடம் அது. ஞானம், அறிவியல் என்பவற்றோடு தொழிற்திறனையும் அவர் அந்த வரிசையிலேயே வைக்கிறார். அரிஸ்டோட்டில் வகுத்த வழியைப் பின்பற்றி, செய்யப்பட வேண்டிய பொருளைப் பற்றிய செம்மையான அறிவே தொழிற்திறன் என்கிறார். அதாவது தச்சன், கொல்லன், மேசன் ஆகியோரின் திறமை தசையின் பலமன்று, புத்தியின் நற்பண்பு.

அவர் இன்னுமொன்று சொல்கிறார். தொழிலாளியைத் தொழிலாளி என்ற வகையில் நாம் பாராட்டுவது அவன் நல்ல மனதோடு செய்தான் என்பதற்காகவன்று; செய்த பொருள் நன்றாக அமைந்தது என்பதற்காகவே. மனம் நல்லதா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு நற்பண்புகள் உள்ளன.

இந்த வேறுபாட்டை அன்று பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். மேசன் முன்னால் பேனாவோடு இருந்தபோதுதான் அதன் பொருள் பிடிபட்டது. ஒரு மனிதனைப் பற்றி இருவகைச் சாட்சி உண்டு. அவன் நல்லவன் என்பது ஒரு சாட்சி. அயலவரும் பங்குக் குருவும் அதைச் சொல்லலாம். அவனுடைய வேலை நல்லது என்பது இன்னொரு சாட்சி. அந்த வேலையை அறிந்தவர்தாம் அதைச் சொல்ல முடியும். நல்லவன் கட்டிய சுவரும் வெடிக்கலாம். ஒழுக்கமற்றவன் பூட்டிய மின்கம்பி பத்து வருடம் பழுதின்றி இருக்கலாம். முதற் சாட்சியை இரண்டாவதன் இடத்தில் வைத்து ஒப்பேற்றுவது, உதவி என்ற பெயரில் நாம் செய்யும் தவறு.

கைக்குள் இருக்கும் அறிவு

ஆனால் நம் சமூகத்தின் பெரிய தவறு இதற்கும் முந்தியது. கைத்தொழிலில் அறிவு இருக்கிறது என்பதையே நாம் ஒப்புக்கொள்வதில்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழி நம்மிடையே தோன்றியது சும்மாவல்ல. ஆங்கிலேயர் காலத்தில் பள்ளிக்கூடம் போனவன் எழுதுவினைஞனாகி மேசைக்கு முன் அமர்ந்தான். போகாதவன் வெயிலில் நின்றான். படிப்பு என்றால் வெயிலிலிருந்து தப்பும் வழி என்ற எண்ணம் அன்று வேரூன்றியது. அதற்கு முன்பிருந்தே தொழில்களைச் சாதியோடு கட்டிவைத்து, தச்சின் மகன் தச்சன், கொல்லின் மகன் கொல்லன் என்று பிறப்பினால் வேலி போட்டிருந்தோம். கோயிலில் ஒரே பந்தியில் நற்கருணை வாங்கிய நாமும் இந்த வேலியை முற்றாகப் பிடுங்கி எறிந்துவிட்டோம் என்று சொல்வதற்கில்லை. மேசனுக்குக் கல்லும் கலவையும் எடுத்துக் கொடுக்கும் ஆளை நம் ஊரில் 'முட்டாள்' என்கிறோம். முட்டுப்படாமல் பொருள் கொடுக்கும் ஆள் என்பார்கள். இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்கும்போது அறிவில்லாதவன் என்ற மற்றப் பொருளும் கூடவே காதில் விழுகிறது.

அந்த 'முட்டாள்' நாள்தோறும் என்ன பார்க்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் மேசன் நூல் பிடிக்கிறார். மூலை சரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூன்றடி அளக்கிறார், மறுபக்கம் நான்கடி அளக்கிறார், குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் மூலை சரி. பள்ளிக்கூடத்தில் பைதகரசின் தேற்றம் என்று கரும்பலகையில் எழுதியதை இவர் மண்ணில் எழுதுகிறார். கலவையைக் கையில் அள்ளிப் பிடித்தே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று சொல்கிறார். பூசிய சுவர் காய்ந்துவிடாமல் இத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்று வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்கிறார். சீமெந்து இறுகுவது வெறுமனே காய்வதனால் அல்ல, தண்ணீரோடு சேர்ந்து நடக்கும் இரசாயன மாற்றத்தினால் என்பதை அவர் புத்தகத்தில் படித்ததில்லை. ஆனால் அதற்கேற்பவே வேலை செய்கிறார்.

இதேபோல், கடலில் நின்றுபோன இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கும் மீனவரிடமும், அளவுச் சட்டை இல்லாமலே உடம்பைப் பார்த்துத் துணி வெட்டும் தையற்காரப் பெண்ணிடமும், எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்று கண் இமைக்கும் பொழுதில் தீர்மானிக்கும் மலையகச் சகோதரியிடமும் அறிவு உண்டு. சொற்களில் எழுதப்படாதது என்பதனால் அது அறிவன்று என்றாகிவிடாது.

நாசரேத்தூர் மக்கள் தம் ஊரவரான யேசுவை ஏற்க மறுத்தபோது, இவர் தச்சர் அல்லவா என்று கேட்டதாக மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தொழிலின் பெயரைச் சொல்லியே ஆளைச் சிறுமைப்படுத்தும் பழக்கம் எவ்வளவு பழையது பாருங்கள்!

சாட்சி எதற்கு?

"வேலைதானே சாட்சி? கடதாசி எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஊர் ஊராக இருந்த காலத்தில் இன்னார் கட்டிய வீடு இது என்று எல்லோருக்கும் தெரியும். வீடே பேசும். அயலவரே சாட்சிகள். ஆனால் நம் மக்களுக்கு நடந்தது என்ன? ஊர்கள் கலைந்தன. கட்டிய வீடுகள் இடிந்தன. வேலையைக் கண்டவர்களிற் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். சுவரும் இல்லை, சுவரைப் பார்த்தவரும் இல்லை. அந்நியர் நடுவே போய் நிற்கும் மனிதனுக்கு எழுதப்பட்ட சாட்சி வேண்டியிருக்கிறது.

அது கிடையாதபோது நடப்பதையும் பாருங்கள். கொந்துறாத்துக்காரர் ஒருவர் இவரைக் கூலியாளாகப் பதிகிறார். மறுநாளே கையில் மேசன் கரண்டியைக் கொடுத்துச் சுவர் கட்டச் சொல்கிறார். வேலை மேசன் வேலை. சம்பளம் கூலியாளின் சம்பளம். கேட்டால், "அவர் சம்மதித்துத்தானே வந்தார்?" என்பார். வேலையாளும் முதலாளியும் சம்மதித்துவிட்டால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது என்றும், தேவையின் நெருக்கத்தினால் பெறப்பட்ட சம்மதம் அநீதியை நீதியாக்காது என்றும் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே தம் சுற்றுமடலில் கற்பித்தார். வேலையாளின் கூலியை வஞ்சிப்பது பரலோகத்தை நோக்கி முறையிடும் நான்கு பாவங்களுள் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தவர்கள் நாம். கடதாசி இல்லை என்ற சாட்டும் அந்த வஞ்சகத்துக்கு ஒரு கருவியாகலாம்.

எனினும் அத்தாட்சிப் பத்திரத்தின் சரித்திரம் முழுவதும் புண்ணியமாக இருந்ததில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மத்திய கால ஐரோப்பிய நகரங்களில் தொழிற் சங்கங்கள் இருந்தன. சிறுவன் ஒரு மேத்திரியிடம் பயிலுநனாகச் சேர்ந்து, பின் கூலிக்கு வேலை செய்து, கடைசியில் தன் திறமைக்கு அத்தாட்சியாக ஒரு பொருளைச் செய்து காட்டி, தானும் மேத்திரியாவான். நல்ல ஒழுங்குதான். ஆனால் நாளடைவில், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் கட்டணத்தைக் கூட்டினார்கள், தம் பிள்ளைகளுக்குச் சலுகை கொடுத்தார்கள், புதியவர் வராதபடி கதவை அடைத்தார்கள். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வருடப் பயிற்சியில்லாமல் ஒருவரும் தொழில் நடத்தக் கூடாது என்றது. ஏழை மனிதனுக்குத் தன் கைத்திறனைத் தவிர வேறு சொத்தில்லை, அதைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது அநீதி என்று அடம் சிமித் 1776இல் கண்டித்து எழுதினார். அந்தச் சட்டத்தின் பயிலுநர் விதிகள் 1814இல் நீக்கப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை இது: திறமை எங்கே, எப்படி, எத்தனை வருடத்தில் கற்கப்பட்டது என்று மட்டும் கேட்கும் சாட்சி வேலியாகிவிடும். செய்யத் தெரியுமா என்று கேட்கும் சாட்சியே வாசலாகும்.

தூரினில் புனித தொன் பொஸ்கோ செய்தது நினைவுக்கு வருகிறது. கட்டட வேலைத் தலங்களிலும் பட்டறைகளிலும் சிறுவர்கள் சக்கையாகப் பிழியப்படுவதைக் கண்ட அவர், பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை. 1851, 1852ஆம் ஆண்டுகளில் மேத்திரிமாரோடு எழுத்தில் ஒப்பந்தங்கள் செய்தார். பையனுக்குத் தொழிலை ஒழுங்காகப் படிப்பிக்க வேண்டும், வாயால் திருத்தலாமேயன்றி அடிக்கக் கூடாது, தொழிலோடு சம்பந்தமில்லாத ஏவல் வேலைகளைக் கொடுக்கக் கூடாது, திருநாட்களில் ஓய்வு விட வேண்டும் என்று அவற்றில் எழுதி, தாமும் ஒப்பமிட்டார். சாட்சி என்பது அங்கே இரண்டு பக்கமும் பாய்ந்தது. பையன் வேலை செய்வான் என்பதற்கு மட்டுமல்ல, மேத்திரி படிப்பிப்பார் என்பதற்கும் ஒருவர் பொறுப்பு நின்றார்.

நம் நாட்டில் உள்ள வழி

நம் இலங்கையில் இதற்கு வழி இல்லாமலில்லை. 1971ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டத்தோடு தொடங்கிய வேலை, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் விரிவடைந்தது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. பின்னர் தேசிய தொழிற் தகைமை என்ற ஒழுங்கு வந்தது. இதனையே இளைஞர்கள் என்.வி.கியூ. என்கிறார்கள். ஒன்று முதல் ஏழு வரை அதற்குப் படிகள் உண்டு. ஒருவர் மேற்பார்வையின்றித் தாமே பொறுப்பாக முழு வேலையையும் செய்யக் கூடியவர் என்பதை நான்காம் படி காட்டுகிறது. ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமம். அதற்கென இரத்மலானையில் ஒரு தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்படுத்தப்பட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிலையம் 2016இல் திறக்கப்பட்டதையும் வடபகுதி வாசகர்கள் அறிவார்கள்.

இவையெல்லாம் வாலிபருக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இந்த ஒழுங்கில் வளர்ந்தவருக்கு ஒரு தனி வாசல் உண்டு. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பது அதன் பெயர். வகுப்புக்குப் போகாமல் வேலைத்தலத்திலேயே தொழிலைக் கற்றவர் விண்ணப்பிக்கலாம். தாம் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் காட்ட வேண்டும்: படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் போன்றவை. பின்னர் அந்தத் தொழிலறிந்த, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர்கள், ஏற்கெனவே வகுக்கப்பட்ட நியமத்தை வைத்துக்கொண்டு, அவரைச் செய்து காட்டச் சொல்லிப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். எங்கே படித்தாய், யாருடைய மகன் என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும், தொழிற்பயிற்சி அதிகார சபையும் இதைச் செய்கின்றன. எங்கே போவது என்று தெரியாதவர் தம் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள புதுமையன்று. பிரான்ஸ் தேசம் 2002ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவேற்றிய சட்டம், அனுபவத்தினால் பெற்ற அறிவுக்கு முறையான தகைமை பெறுவதை உழைப்பவரின் உரிமையாக்கியது. சர்வதேசத் தொழில் தாபனமும் 2004ஆம் ஆண்டின் 195ஆம் இலக்க விதந்துரையில் இதையே நாடுகளுக்கு எடுத்துச் சொன்னது. உரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். இது தர்மம் அல்ல, கடன்.

கடன்பட்டவர்கள்

கடன் என்றால் கடன்பட்டவர் யார்?

முதலாவது, வேலை கொடுப்பவர். "நான் செலவழித்துப் பழக்கிவிட, அவன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடுவான்" என்பது அவருடைய பயம். பயம் பொய்யல்ல, போவதும் உண்டு. ஆனால் அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒருவன் என்னிடமே தங்கியிருக்க வேண்டும் என்பதற்காக அவன் அறியாதவனாக இருக்கட்டும் என்று விரும்புவது, அவனை மனிதனாகவா, கருவியாகவா காண்பது? வேலைக்காக மனிதன் அல்ல, மனிதனுக்காகவே வேலை என்பது பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டில் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் மையக் கருத்து. படிப்பதற்காகத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுப்பது பற்றிச் சர்வதேசத் தொழில் தாபனம் 1974ஆம் ஆண்டிலேயே ஓர் உடன்படிக்கை செய்தது. மதிப்பீட்டுக்குப் போக ஒரு நாள் லீவு கேட்கும் மேசனுக்கு அந்த நாட் சம்பளத்தை வெட்டும் நம்மவர் எத்தனை பேர்?

இரண்டாவது, நீங்களும் நானும். நம் வீட்டைக் கட்டியவருக்கு, நம் கிணற்றைக் கட்டியவருக்கு, நம் பிள்ளையின் திருமணச் சட்டையைத் தைத்தவருக்கு, இன்ன வருடம் இன்ன வேலையை இவர் செய்தார், இன்றுவரை இப்படி இருக்கிறது என்று நான்கு வரி எழுதிக் கொடுக்கலாமே. புகழ்ச்சி வேண்டாம். கண்டதை எழுதினால் போதும். அதுதான் சாட்சி. வேலை முடிந்ததும் காசு கொடுத்துவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறோம். அவருடைய திறமையைப் பற்றி நமக்குத் தெரிந்த உண்மை இன்னும் நம்மிடம் இருக்கிறது. அது அவருக்குப் பயன்படும் நாளில் வாய் திறவாமலிருப்பதும் உண்மைக்கு எதிரான குற்றமே.

மூன்றாவது, குடும்பங்கள். தகப்பனார் நாற்பத்தைந்து வயதில் பரீட்சைக்குப் போகிறார் என்றால் பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. மனைவி, "இந்த வயதில் என்ன படிப்பு?" என்று கேட்கக் கூடாது. ஒரு நாள் உழைப்பை விட்டுப் போவது ஒரு நாள் உலை கொதிப்பதோடு சம்பந்தப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஆகவேதான் இது வீட்டார் எல்லோரும் கூடி எடுக்க வேண்டிய தீர்மானம் என்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் ஒரு பாவம் நிற்கிறது. பத்திரத்துக்கு மதிப்பு வந்தவுடன் பத்திரத்தை விலைக்கு வாங்கும் ஆசையும் வருகிறது. படியாத வகுப்புக்கு வரவு வைத்தல், செய்யாத வேலைக்கு ஒப்பமிடுதல், தெரிந்தவர் என்பதற்காகப் படி ஏற்றிவிடுதல் எல்லாம் பொய்ச்சாட்சியே. இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்பவர், மின்கம்பி பூட்டத் தெரியாதவனுக்குக் கொடுத்த பத்திரத்தை ஒரு குழந்தை உறங்கும் அறையோடு சேர்த்து நினைத்துப் பார்க்கட்டும். சாரம் கட்டத் தெரியாதவன் கட்டிய சாரத்தில் ஏறி நிற்பவனை நினைத்துப் பார்க்கட்டும். பொய்ப் பத்திரம் இன்னொரு தீமையும் செய்கிறது. உண்மையாகக் கற்றவனின் பத்திரத்தையும் செல்லாக்காசாக்கிவிடுகிறது. அவனுடைய முப்பது வருடத்தைத் திருடிவிடுகிறது.

"இன்னும் இல்லை"

மேசனின் கதையை முடிக்கவில்லை. அவருடைய நடத்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதிக் கொடுத்து, தொழிலுக்குரிய சாட்சியைப் பெறும் வழியைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "நேற்றுப் பிறந்த பெடியன் வந்து எனக்கு மார்க் போடுறதோ, சுவாமி?" என்றார். அந்த வேதனை எனக்கு விளங்கியது. முப்பது வருடம் மேத்திரியாக நின்றவர் மீண்டும் மாணவனாக நிற்பது இலேசான காரியமன்று. ஆயினும் போனார். நாலைந்து வீட்டுக்காரர்கள் கடிதம் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது கோபமாகத்தான் வந்தார். கல் அடுக்கு, பூச்சு, மட்டம் பார்த்தல் எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஆனால் வரைபடத்தைப் பார்த்து அளவெடுப்பதில் குறை. இதுவரை வீட்டுக்காரர் வாயால் சொன்னதைக் கேட்டோ, எந்திரி நிலத்தில் கீறிக் காட்டியதைப் பார்த்தோதான் அவர் கட்டி வந்திருக்கிறார். இத்தகைய மதிப்பீட்டில் சித்தியடையவில்லை என்று எழுதுவதில்லை. இன்னும் தேர்ச்சி பெறவில்லை என்பதே அங்குள்ள வழக்கு. அவரோ 'இன்னும்' என்பதைக் கேளாமல், 'இல்லை' என்பதை மட்டுமே கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவரைத் தேற்றி அனுப்பிய பின் நான் என்னையே கேட்டுக்கொண்டேன். அன்று இரக்கத்தினால் 'சகல வேலைகளிலும் கைதேர்ந்தவர்' என்று எழுதியிருந்தால்? கொழும்பில் பல மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை அவர் கையில் கொடுத்திருப்பார்கள். தெரியாது என்று சொன்னால் அவமானம். தெரிந்தது என்று சமாளித்தால் ஆபத்து. என் அன்பான பொய் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும். உண்மையான சாட்சி அவருக்கு வலித்தது. ஆனால் எதைக் கற்க வேண்டும் என்பதை அதுதான் சொன்னது. அவர் தொழிலை உண்மையில் மதித்தவர்கள், அதைச் சோதித்துப் பார்த்தவர்களே.

இப்போது வேலையற்ற பின்னேரங்களில் ஒரு படவரைஞரிடம் போய் வருகிறார். கொழும்பு வேலைக்கு ஆள் எடுத்து முடிந்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கும் மனம் நோகிறது. இன்னொரு வேலை வரும் என்று இலேசாகச் சொல்லிவிட என்னால் முடியவில்லை. இந்தச் சாட்சியை இருபது வருடத்துக்கு முன்பே அவருக்கு யாராவது தேடிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நாம் மறந்துவிடக் கூடாது. பத்திரம் சாட்சி சொல்வது மனிதனுடைய வேலையைப் பற்றியே, மனிதனைப் பற்றியல்ல. கை நடுங்கத் தொடங்கிய முதியவருக்கும், நோயினால் வேலையை விட்டவருக்கும், எத்தனை முறை முயன்றும் படி ஏற முடியாதவருக்கும் எந்த ஆணைக்குழுவும் கொடுக்காத, எடுக்கவும் முடியாத ஒரு மதிப்பு உண்டு. அது அவர்களைப் படைத்தவர் கொடுத்தது. அதைப் பத்திரத்தினால் அளக்கப் புறப்படுவோமாயின், பழைய வேலியை வேறு கம்பியினால் அடைத்தவர்களாவோம்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அதைக் கட்டியவர் யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்? அவருடைய பெயராவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால், இந்த வாரம் ஒரு கடதாசி எடுத்து, நீங்கள் கண்டதைக் கண்டபடி எழுதி, அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.